கடைமடைக்காரனின் லண்டன் கடிதம்

ஈஸ்ட்ஹாம், லண்டன்.

மகா கனம் பொருந்திய பெரியப்பா அவர்களுக்கு, அநேக நமஸ்காரம். இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கும் பெரியம்மாவின் முழங்கால் க்ஷேமத்துக்கும் பதில் எழுதவும்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் படித்த பிறகும், களைத்துப்போன ஆறு நம் வாய்க்காலை நினைத்துக்கொள்கிற வரையில் வரப்பில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பத்தில் பிறந்த நான், கடல் தாண்டி ஐயாயிரம் மைல் வந்தும் கடைமடையிலேயே குடியேறுவேன் என்று என் ஜாதகத்தைப் பார்த்த எந்த ஜோஸ்யரும் சொல்லவில்லை.

நாங்கள் வாங்கியிருக்கும் வீடு நூறு வயதைத் தாண்டியது. நம் தெரு வீடுகளைப்போல் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை. திண்ணை வைக்கத்தான் மறந்துவிட்டார்கள். வந்த நாளிலிருந்தே ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். காலை ஏழு மணிக்குத் தலையில் சோப்பு நுரை நன்றாகத் திரண்டு வரும் தருணத்தில், மேலிருந்து பொழிந்துகொண்டிருந்த வெந்நீர், கோயில் பிராகாரத்தில் தீர்த்தம் கொடுக்கிற அளவுக்குச் சுருங்கிவிடும். பழைய வீட்டின் சுபாவம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற உத்தேசித்தேன். வீட்டுக்குள் தண்ணீரை அடைக்கிற திருகு துருப்பிடித்து அசைய மறுத்ததால், வெளித் திருகுக்கு மேல் நடைபாதையில் இருக்கவேண்டிய சிறிய இரும்பு மூடியைத் தேடிப் போனேன். என் வாசலில் இல்லை. நான்கு வீட்டு வரிசைக்கும் சேர்த்து முதல் வீட்டின் வாசலில் ஒன்றுதான் இருந்தது. அதன் தாத்பரியத்தை அங்கேயே சிந்தித்திருக்க வேண்டியவன், சிந்திக்காமல், நீண்ட சாவியை உள்ளே விட்டுத் திருகி மூடிவிட்டு வீரனைப்போல் திரும்பினேன்.

ஐந்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. முதல் வீட்டுக் கிழவியார், கையில் காலித் தேநீர்க் கெட்டிலுடன். அவர் பின்னால் இரண்டாம் வீட்டுக்காரர், துண்டின்மேல் மழைக்கோட்டும், தலையில் வெள்ளை நுரையும், ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்த கோலமுமாக. "தங்களைத் தொந்தரவு செய்ய மிகவும் வருந்துகிறேன், ஒருவேளை தங்கள் வீட்டில் தண்ணீர் வருகிறதா?" என்று அந்த நிலையிலும் கேட்டார், மனிதர். நம் ஊராக இருந்தால் முதல் வாக்கியத்திலேயே என் பாட்டனார் பெயர் இழுக்கப்பட்டிருக்கும்.

பிறகு வந்த தண்ணீர்க் கம்பெனி உத்தியோகஸ்தர் விளக்கினார். வீதிக் குழாயும், அதிலிருந்து வீட்டு எல்லை வரையிலான கிளையும் கம்பெனியைச் சேர்ந்தவை. எல்லைக்கு உள்ளே வந்தது வீட்டுக்காரர் சொத்து. எங்கள் நால்வருக்கும் ஒரே குழாய், கொல்லைப்புறமாக ஓடிக் கடைசியில் என்னிடம் முடிகிறது. எல்லையில் 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தக்க அழுத்தம் இருந்தால் அவர்கள் கடமை தீர்ந்தது. பொதுக் குழாயாதலால் எனக்கென்று தனியே மீட்டர் வைக்கவும் வழியில்லையாம். 1990-க்குப் பிறகு ஒருவரும் திருத்தாத வீட்டு மதிப்பைக்கொண்டே பில் வருகிறது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கிஸ்தி உண்டு என்கிற தர்மத்தை இவர்கள்தான் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

குழாயை அவர் ஒரு காசால் சுரண்டிக் காட்டினார், வெள்ளிபோல் மின்னியது. ஈயம்! பெரியம்மா ரசம் வைக்கிற ஈயச் சொம்பின் வெள்ளீயமல்ல, விஷமான காரீயம். பிளம்பர் என்ற பெயரே ஈயத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். ஈயம் கரையாதிருக்கத் தண்ணீரில் பாஸ்பேட் சேர்க்கிறார்கள் என்றாலும், காலையில் முதல் தண்ணீரைச் சற்று ஓடவிட்டுப் பிறகு குடியுங்கள் என்றார். கடைமடைக்காரனிடம் தண்ணீரை ஓடவிடச் சொல்கிற துணிச்சல் வெள்ளைக்காரருக்குத்தான் வரும்.

தனியே நீல நிறப் பிளாஸ்டிக் குழாய் போட்டுக்கொள்ளலாம். முக்கால் மீட்டர் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டவேண்டும். அதற்கு ஒருவர் கேட்ட தொகையை எழுதினால் தங்களுக்கு அழுத்தம் ஏறும். என் குழாயில் ஏறாது. ஆகவே பணம் சேரும் வரையில், கிழவியாரின் சமையலறையில் நால்வரும் கூடி, பிஸ்கோத்துத் தின்று, முறை வைத்துக்கொண்டோம். தலைமடையான கிழவியாருக்கு ஏழரை மணி, நுரைக்காரருக்கு ஏழு, மூன்றாம் வீட்டுக்கு ஆறரை, எனக்கு ஆறு. எனக்குத் தாமதமானால் மூன்றாம் வீட்டுக்காரர் பொதுச்சுவரில் இரண்டு தட்டுத் தட்டுகிறார், அதுவும் மிக மரியாதையாக.

ஒரு விண்ணப்பம். நம் வீட்டுக்குக் குழாய் வந்த வருஷம், கூடத்துப் பித்தளை அண்டா இனி எதற்கு, கடையில் போட்டுவிடலாம் என்று பெரியம்மாவிடம் தர்க்கம் செய்தவன் நான்தான். அது இன்னும் இருக்குமானால், சித்தப்பா மகன் வருகிறபோது கொடுத்தனுப்பவும். வெறும் அண்டாவாக வேண்டாம். உள்ளே வடகமும் அப்பளமும் அடைத்தால் இடம் வீணாகாது. புளி போட்டுத் துலக்கி அனுப்பச் சொல்லவும்; இங்கே துலக்குவதற்குத் தண்ணீர் ஆறு மணிக்குத்தான்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த மகன்.