பக்கத்து ஊரில் இறங்கிய பதவி

பொறுமைக்கு உதாரணம் கேட்டால் நம்மாட்கள் உடனே ராமனைக் கூட்டி வந்துவிடுவார்கள். பதினாலு வருஷம் காடு, சரிதான். ஆனால் ராமனுக்குக் கெடு தெரியும். நாள் எண்ணிக்கொண்டு திரும்பி வரலாம். கெடுவே சொல்லாமல் பதினெட்டு வருஷம் உட்கார வைக்கப்பட்ட ஒரு சேலத்து வக்கீலை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் பிற்பாடு ராமாயணம் எழுதியதில் ஆச்சரியமே கிடையாது.

தொரப்பள்ளி முன்சீப் மகன் ராஜகோபாலாச்சாரி 1900இல் சேலத்துக் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டினார். 1917இல் சேலம் நகராட்சித் தலைவர். நாட்டை ஆளப்போகிறவனுக்குப் பெருமாள் வைத்த முதல் பாடம் சாக்கடை. குழாயில் தண்ணீர் வராததற்குத் திட்டு வாங்கத் தெரியாதவன் கோட்டையில் உட்கார்ந்து என்ன கிழிக்கப் போகிறான் என்று பெருமாள் நினைத்திருக்கலாம். அதே சமயத்தில் ஈரோட்டு நகராட்சித் தலைவர் ஈ.வெ.ராமசாமி நாயக்கர். இருவரும் நண்பர்கள். ஒருவர் எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டவர். மற்றவர் சில வருஷம் கழித்துக் கடவுளையே வேலையை விட்டு அனுப்பியவர். பெருமாள் இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்தினார்.

1919இல் வக்கீல் சென்னைக்கு ஜாகை மாறினார். மார்ச் மாசம் காந்தி அவர் வீட்டில் வந்து தங்கினார். ஒரு விடியற்காலையில், தூக்கமும் விழிப்புமாக இருந்த நேரத்தில், தேசம் முழுக்கக் கடையடைப்பு நடத்தலாம் என்று காந்திக்குத் தோன்றியது. எழுந்ததும் அதை முதலில் சொன்னது இவரிடம். கனவு விருந்தாளிக்கு, ஜெயில் வீட்டுக்காரருக்கு. 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை, மூன்று மாசம். அங்கே எழுதிய நாட்குறிப்புக்கு ‘சிறையில் தவம்’ என்று பேர். சுதந்திரம் வந்தாலும் தேர்தலும் ஊழலும் பணக்காரர் ஆட்டமும் ஜனங்களைப் படுத்தத்தான் போகிறது என்று அதில் அப்போதே எழுதி வைத்தார். இவ்வளவு தெரிந்தும் பதவிக்குக் காத்திருந்தாரே, அதற்கு நிஜமாகவே தெய்வ நம்பிக்கை வேண்டும்.

1925 பிப்ரவரி 6. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம். மழை பொய்த்த மண். ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த இடத்தில் வக்கீலின் காந்தி ஆசிரமம். திறந்து வைத்தவர் சாட்சாத் ஈ.வெ.ரா. குடிசை, ராட்டை, கதர், வைத்தியசாலை, எல்லா ஜாதியும் ஒரே பந்தி. இந்தக் கடைசி அயிட்டத்துக்கு அக்கம்பக்கத்தில் முகஞ்சுளிப்பு வேறு.

இப்படி நூல் நூற்றுக்கொண்டிருந்தபோதுதான் கூத்து நடந்தது. 1926 டிசம்பரில் சென்னை மாகாண முதல் மந்திரி பதவி திருச்செங்கோட்டுப் பக்கம் நிஜமாகவே வந்தது. ஆனால், விலாசம் மாறிய தபால் மாதிரி, புதுப்பாளையத்தைத் தாண்டிப்போய்க் குமாரமங்கலத்தில் இறங்கியது! குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப.சுப்பராயன். ஆக்ஸ்போர்டில் படித்தவர், வயசு முப்பத்தேழு, கட்சியே இல்லாத சுயேச்சை. ஜெயிலும் இல்லை, ராட்டையும் இல்லை. 1930 அக்டோபர் வரை ஜம்மென்று ஆண்டார். குறையும் சொல்ல முடியாது. நல்ல காரியங்கள் நடந்த ஆட்சிதான். பெருமாளுக்கு ஜில்லா சரி, தாலுகா சரி, கிராமந்தான் பிசகிவிட்டது.

சிபாரிசுக்கு ஆளில்லாமலும் இல்லை. பெற்ற மகளுக்கு நாமகிரி என்று நாமக்கல் தாயாரின் பேரை வைத்தவர் நம் வக்கீல். அந்தத் தாயார் கணித மேதை ராமானுஜனுக்குக் கனவில் வந்து கணக்கே போட்டுக் கொடுத்தவள், அவரே சொல்லிக்கொண்டது. இவருக்கோ கணக்குக்குப் பதில் கள்ளுக்கடைதான் கண்ணில் பட்டது. நெசவாளியும் குடியானவனும் கூலியைக் கொண்டுபோய்க் கொட்டுவதைப் பார்த்து, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். உதவிக்கு வந்தவர் கல்கி. பின்னாளில் ராஜாக்களையும் யானைகளையும் கட்டி மேய்த்த பேனா, அப்போது சாராயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

நடுவில் 1930இல் வக்கீல் வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் போனார், மறுபடி ஜெயில். அந்தக் கதை ஊரறிந்தது.

1937 தேர்தலில் காங்கிரசுக்கு 215இல் 159 இடம். நம்மவர் நின்றது பல்கலைக்கழகத் தொகுதியில். ஓட்டுப் போட்டவர்கள் பட்டதாரிகள். கூடவே நூல் நூற்ற புதுப்பாளையத்து ஜனங்களிடம் ஓட்டுக் கேட்கும் சிரமத்தைப் பெருமாள் வைக்கவில்லை. பதவி கதவைத் தட்டியதும் பாய்ந்து திறந்தாரா? இல்லை. கவர்னர் குறுக்கிட மாட்டார் என்று உறுதி வரட்டும் என்றது காங்கிரஸ். ஜூலை வரை இடைக்கால மந்திரிசபை ஒன்று நாற்காலியைச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டது. தன்னை இத்தனை வருஷம் காக்க வைத்த பதவியை மூன்று மாசம் காக்க வைத்ததில் வக்கீலுக்கு உள்ளூரச் சந்தோஷம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஜூலையில் மாகாணப் பிரதம மந்திரி ஆனார். சட்டமும் கல்வியும் யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? குமாரமங்கலத்தாருக்கு.

அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு. தேசத்திலேயே முதலில் சேலம் ஜில்லாவில். கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி போட்டார். குடிக்காதவனும் காசு கட்டினான்.

இத்தனை பக்குவப்பட்ட மனுஷன் சறுக்கியது பொறுமையில்தான். 1938இல் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கினார். ஜனங்கள் வேண்டாம் என்றார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ராட்டை முன்னால் அத்தனை காலம் உட்கார்ந்தவருக்குக் கோட்டையில் ஒரு வருஷம் உட்கார முடியவில்லை. எதிர்த்தவர்களை ஜெயிலுக்கு அனுப்பினார். டிசம்பரில் உள்ளே போனவர்களில் ஒருவர், புதுப்பாளையம் ஆசிரமத்தைத் திறந்து வைத்த அதே ஈ.வெ.ரா.

1939 அக்டோபரில், யுத்தத்தைக் காரணம் காட்டிக் காங்கிரஸ் சொல்ல, மந்திரிசபை ராஜினாமா செய்தது. பதினெட்டு வருஷக் காத்திருப்புக்கு இரண்டேகால் வருஷ ஆட்சி. நாலு மாசத்தில் வெள்ளைக்கார கவர்னர் கட்டாய இந்தியை ரத்து செய்தார். விற்பனை வரியை மட்டும் எவரும் தொடவில்லை. பிற்பாடு வந்த அத்தனை பேரும் அதன் பேரைத்தான் மாற்றினார்கள்.