99 ரூவாக் களவாணி

கார்டு ஸ்டேட்மென்ட்டப் பாத்தீரா மருமவனேன்னு கேட்டா, "மொத்தம் எவ்வளவுன்னு பாத்தேன், கட்டிட்டேன் மாமா"ங்கீரு. நல்லது. அப்படியே இரும். உம்மள நம்பி எங்கயோ ஒருத்தன் குடும்பம் நடத்துதான். அவன் வயித்துல அடிச்சிராதீரும்.

உமக்குப் பெரிய உத்தியோகம். டவுன் பஸ்ஸுல கண்டக்டரு 2 ரூவா பாக்கி தரலைன்னா ஸ்டாண்டு வரைக்கும் சண்டை போடுவீரு. அது நாலு பேரு பாக்க நடக்கு. ஸ்டேட்மென்ட்டுல 99 ரூவா போனா யாரு பாக்கா? பேங்குக்குப் போன் போட்டு, "தொண்ணூத்தொம்பது ரூவாயக் காணோம்"னு சொல்ல உமக்குக் கூச்சம். களவாணிக்கு உம்ம கார்டு நம்பரு பாதி முதலு, இந்தக் கூச்சம் மீதி முதலு.

அமெரிக்காக்காரனுக்கும் இந்தக் கூச்சம் உண்டு வே. 2010-ல அங்கன ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு கூட்டத்து மேல வழக்குப் போட்டுது. இல்லாத கம்பெனிக்கெல்லாம் பேரு வச்சு, 10 லட்சத்துக்கு மேல கார்டுகள்ல கை வச்சிருக்கானுவ. ஒரு கார்டுல எவ்வளவு? 20 சென்ட்டுலருந்து 10 டாலருக்குள்ள. சேந்தது 1 கோடி டாலருக்கு மேல. முக்காவாசிப் பேரு வாயத் தொறக்கல. பேராசை இல்லாத கள்ளன், பெருந்தன்மையான முதலாளி. என்ன பொருத்தம்!

இன்னொரு வகையும் உண்டு. 1 ரூவா, 2 ரூவா, இல்ல ஒரு டாலரு மட்டும் எடுப்பான். அந்தக் காசா அவனுக்குப் பெருசு? களவாண்ட நம்பருகள மொத்தமா வாங்குனவன், எது உசுரோட இருக்குன்னு தட்டிப் பாக்கான். சத்தமில்லையா, அடுத்தது பெருசா வரும். வெளிநாட்டு வெப்சைட்டுல பலதுக்கு ஓடிபியே வேண்டாம். நம்பரும் தேதியும் முதுகுல உள்ள மூணு இலக்கமும் போதும். நீரு திருச்செந்தூரத் தாண்டிக் கடல் பாக்காதவரு. பேங்கு ஆப்புல அந்த வெளிநாட்டு ஸ்விட்ச எதுக்குத் தொறந்து போட்டிருக்கீரு?

எப்படிப் பாக்கதுன்னு கேப்பீரு. எந்தங்கச்சி, உங்கம்மா, மொய் நோட்டு பாப்பாள்லா, அப்படிப் பாரும். கடைசில கூட்டிப்போட்ட தொகைய மட்டும் பாத்துட்டு அவ நோட்ட மூடி நீரு பாத்திருக்கீரா? பேரு, ஊரு, ரூவான்னு வரி வரியா விரலு போகும். தெரியாத பேரு வந்தா விரலு நிக்கும். "இது யாரு வகை? பொண்ணு வீட்டாளா, நம்மாளா?" 51 ரூவாக்காரனா இருந்தாலும் வெசாரிக்காம நகராது. அந்த விரலு உமக்கு வேணும்.

எடுத்த எடுப்புல "கள்ளன்"னு கத்தவும் செய்யாதீரும். கடை போர்டுல ஒரு பேரு இருக்கும்; ஸ்டேட்மென்ட்டுல அதோட கம்பெனி பேரோ, பணம் வாங்கிக் குடுக்க நடுவாளு பேரோ இருக்கும். அன்னைக்கு வந்த எஸ்எம்எஸ்ஸத் தேடும். பொண்டாட்டிகிட்ட கேளும், தைரியம் இருந்தா. பாதி வரி அங்கனயே தீந்துரும்.

மாசாமாசம் ஒரே ரூவா போகுதா? அது அநேகமா "ஒரு மாசம் இலவசம்"னு நீரு அமுக்குன பட்டன். ஒருதரம் சரின்னுட்டா, 15,000 ரூவா வரைக்கும் பெறவு ஓடிபி கேக்க மாட்டான். ஆனா எடுக்கதுக்கு 24 மணி நேரம் முன்னாடி தாக்கல் வரும். அதக் காலை வணக்கப் படங்களோட சேத்துத் தள்ளிவிட்டிருப்பீரு.

நெசமாவே தெரியாத வரின்னா அந்த நிமிசமே கார்டப் பூட்டும். போன் நம்பர நெட்டுல தேடாதீரும். கஸ்டமர் கேருன்னு பேரு போட்டு அங்க களவாணி மச்சான் உக்காந்திருப்பான். கார்டு முதுகுல இருக்க நம்பருக்கு அடியும். புகார் நம்பர எழுதி வாங்கும். பெரிய தொகைன்னா 1930-க்கும் சொல்லிரும்.

சங்கத்துல பேரேடு எழுதுன காலத்துலருந்து சர்க்குலர் படிக்கது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். 2017 ஜூலையில ரிசர்வ் பேங்கு ஒண்ணு போட்டுது. உம்ம தப்பும் இல்ல, பேங்கு தப்பும் இல்ல, வெளியாளு கைவரிசைன்னா, தாக்கல் வந்து 3 வேலை நாளைக்குள்ள சொன்னா உமக்கு ஒத்தப் பைசா நட்டமில்ல. 4-லருந்து 7 வேலை நாளுன்னா, 5 லட்சம் வரைக்கும் லிமிட் உள்ள கார்டுக்கு 10,000 ரூவா வரைக்கும் உம்ம தலையில. அதையும் தாண்டுனா பேங்கு வச்சதுதான் சட்டம். நீரு சொன்ன 10 வேலை நாளைக்குள்ள பணத்த வரவு வைக்கணும், 90 நாளைக்குள்ள பஞ்சாயத்தத் தீக்கணும். தப்பு உம்மமேலன்னா அத நிரூபிக்க வேண்டியது அவுக. ஓடிபிய நீரே ஒப்பிச்சிருந்தா மட்டும், பேங்குல சொல்லுதது வரைக்கும் போனது உம்ம கணக்கு. 30 நாளாகியும் பதில் இல்லையா, ரிசர்வ் பேங்கு ஓம்புட்ஸ்மேனுக்கு எழுதும்.

99 ரூவாய்க்கா இவ்வளவுன்னு முழிக்கீரு. சரி, போனத் தாரும், நானும் ஒரு விரலு வச்சுப் பாக்கேன். பெட்ரோலு... மருந்துக்கடை... இதென்ன வே, பிரியாணிக் கடை, 1,340 ரூவா? இந்தத் தேதி புரட்டாசிச் சனிக்கெழமையில்லா? இத பேங்குல சொல்லணுமா, எந்தங்கச்சிகிட்டச் சொல்லணுமா?