பென்சில்வேனியாக்காரர் சம்மதம்

2028 தேர்தல் எங்கேயோ கிடக்கிறது. ஆனால் போன சனிக்கிழமை நியூ ஜெர்சி எடிசனில் ஒரு வீட்டுக் கொலுவில், ஹாலில் பெண்கள் பாடிக்கொண்டிருக்க, சோபாவில் சாய்ந்திருந்த ஆண்கள் ஜனாதிபதி வேட்பாளரை முடிவு செய்துகொண்டிருந்தார்கள். சுண்டல் தட்டோடு நானும் போய் உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்காருவது?

"கவின் நியூசம் நல்லாத்தான் பேசறார்," என்றார் மருந்துக் கம்பெனி நண்பர். "ஆனா பென்சில்வேனியால எடுபடாது சார்." அத்தோடு கலிஃபோர்னியாக்காரர் காலி. அடுத்து பீட் புட்டஜெஜ். "புத்திசாலி. எனக்குப் பர்சனலா ரொம்பப் பிடிக்கும்." இந்த 'பர்சனலா' வந்துவிட்டால் அடுத்த மூச்சில் ஒரு 'ஆனா' வந்தே தீரும். வந்தது. "ஆனா பென்சில்வேனியாக்காரன் ஒத்துக்க மாட்டான்." யாரோ ஒகாசியோ-கோர்ட்டெஸ் பெயரைச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் பார்த்த பார்வையில், பாவம், இன்னும் கொஞ்சம் சுண்டல் வேண்டும் என்று எழுந்து போனவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்பவர் ஒருவரும் அங்கே உண்டு (வருமான வரி சீசனில் சாய்வு கூடும்). வான்ஸா, ரூபியோவா என்று அவர் ஆரம்பித்தார். அவருக்கும் நீதிபதி அதே ஆள்தான்.

யாருக்கு ஓட்டுப் போடுவது என்று கண்டுபிடிக்க என்னிடம் எளிய வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தப் பென்சில்வேனியாக்காரரைப் பற்றி நாலு வார்த்தை பேசித் தீர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

அவருக்கு வயது ஐம்பத்தைந்து. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து ஐம்பத்தைந்துதான், கூடுவதே இல்லை. எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடிவிட்டார்கள். ஒரு பிக்கப் டிரக், ஒரு தொப்பி, டைனரில் ஜன்னல் ஓரமாக ஓர் இருக்கை, இவ்வளவுதான் சொத்து. தேர்தல் வருஷம் வந்தால் டிவி நிருபர்கள் படையெடுத்து வந்து, மனுஷனை முட்டை சாப்பிட விடாமல் மூக்கடியில் மைக்கை நீட்டுவார்கள். "இன்னும் முடிவு பண்ணலை" என்பார். எடிசனில் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

முன்பு அவர் ஒஹாயோவில் இருந்தார். 2004-ல் ஜான் கெர்ரியை வேட்பாளராக்கியதே அவருக்குப் பிடிக்கும் என்று நம்பித்தான். வியட்நாமில் சண்டை போட்டவர், மெடல் வாங்கியவர், ஒஹாயோக்காரர் மறுக்க முடியுமா? மறுத்தார். ஒஹாயோ புஷ்ஷுக்குப் போனது. அதன் பிறகு எப்போதோ வீட்டைக் காலி செய்துகொண்டு பென்சில்வேனியாவுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. ஒஹாயோவைப் பற்றி இப்போது சோபாவில் பேச்சே இல்லை.

அவர் சம்சாரம் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆனால் பெண் வேட்பாளர் என்றால் அவருக்குத் தயக்கம், அதிகம் படித்தவர் என்றால் சந்தேகம், கடலோர மாநிலத்துக்காரர் என்றால் எரிச்சல் என்று எல்லாம் தெரியும். கல்லூரியில் படிக்கும் சொந்த மகள் யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்று தெரியாத அப்பாக்கள் இவர் மனசைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். "நேர்ல பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டேன். "பாக்கணுமா என்ன, அதான் டேட்டா இருக்கே," என்றார் மருந்துக் கம்பெனி.

இத்தனைக்கும் அவர் அடுத்த மாநிலத்துக்காரர். எடிசனில் காரை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் டெலாவேர் ஆறு, தாண்டினால் அவர் வாசல். பெரிய பாலங்களில் அந்தப் பக்கம் போகத்தான் சுங்கம், நியூ ஜெர்சிக்குள் திரும்பி வர இலவசம். நாங்களும் போகாமல் இல்லை. பிட்ஸ்பர்க் பெருமாளைச் சேவிக்கப் போகிறோம். 1970-களிலேயே எழுந்த கோயில். மாநிலத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கு ஓரம் வரை, வழி நெடுக அவர் ஊர்கள்தான். புளியோதரை கையோடு இருப்பதால் அவருடைய டைனரில் நிற்க வேண்டிய அவசியம் வருவதில்லை. பெட்ரோலுக்கு நின்றுதான் ஆக வேண்டும். நின்றாலும் பேச முடியாது. நியூ ஜெர்சியில் நம் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை, ஆள் வந்து போடுவார். அதனால் பென்சில்வேனியா பம்ப்பில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் நான் நெளிந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் டிரக்குக்கு டீசல் போட்டுக்கொண்டிருப்பவரிடம் "அடுத்த வேட்பாளரா யார் வந்தா உங்களுக்குச் சம்மதம்?" என்று எப்படிக் கேட்பது?

சரி, அவருக்கு என்னதான் பிடிக்காது? 2003-ல் இதே கெர்ரி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், அந்த ஊரின் சீஸ்ஸ்டேக்கை ஸ்விஸ் சீஸ் போட்டுக் கேட்டுவிட்டார். அங்கே அது அபசாரம். தொலைந்தார் என்றார்கள். அடுத்த வருஷம் நவம்பரில் பென்சில்வேனியா கெர்ரிக்குத்தான் ஓட்டுப் போட்டது. 2008-ல் ஒபாமா அல்டூனா என்ற ஊரில் பௌலிங் ஆடப் போய் 37 எடுத்தார். முந்நூறு வரை எடுக்கலாம் என்கிற ஆட்டத்தில் 37. தொழிலாளர்களின் ஓட்டு இனி இவருக்குக் கிடையாது என்று டிவியில் அழாத குறை. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் 22 பிரைமரியில் ஹிலரிதான் அங்கே ஜெயித்தார், சொன்னோமா இல்லையா என்று சோபா சிலிர்த்துக்கொண்டது. நவம்பரில் அதே பென்சில்வேனியா ஒபாமாவை ஜெயிக்க வைத்தது. 2016-ல் டிரம்ப், 2020-ல் பைடன், 2024-ல் மறுபடி டிரம்ப். அவர் பாட்டுக்கு அவர் போடுகிறார். எங்களைத்தான் கேட்பதில்லை.

இதில் எனக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வருவது வேறு. பென்சில்வேனியாவில் கட்சி உறுப்பினராகப் பதிந்தவருக்குத்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டு. "நான் எந்தக் கட்சியும் இல்லை" என்று பதிந்திருந்தால் எந்தப் பிரைமரியிலும் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதாவது இன்னும் முடிவு பண்ணாத நம்மாளுக்கு அந்தச் சமயத்தில் ஓட்டே இருக்காது! அப்படியே இருந்தாலும் அங்கே பிரைமரி ஏப்ரல் கடைசியில். அதற்குள் பாதி நாடு போட்டு முடித்து, பெரும்பாலான வேட்பாளர்கள் கூட்டத்தைக் கலைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவருக்காகவே பார்த்துப் பார்த்து ஆள் பிடிக்கிறோம், அவரைத் தவிர எல்லோரும் சேர்ந்து.

நம் ஊரில் "ஜெயிக்கிறவனுக்குப் போடு, ஓட்டை வீணாக்காதே" என்று சொல்லும் பெரியப்பா வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவராவது தன் வாயால்தான் பேசினார்.

2019-ல் இதே சோபா கமலா ஹாரிஸை அலசியது. அம்மா சியாமளா சென்னைப் பெண், தாத்தா மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். மிண்டி கேலிங்கோடு சேர்ந்து அவர் மசால் தோசை வார்த்த வீடியோ வந்தபோது, தோசை வார்த்த விதத்தைப் பற்றி மாமிகள் கறாராகவே தீர்ப்புச் சொன்னார்கள். "நம்மூர்ப் பொண்ணு சார், பெருமையா இருக்கு. ஆனா..." டிசம்பர் 3-ம் தேதி, எங்கேயும் ஒரு ஓட்டுகூட விழுவதற்கு முன்பே, கையில் காசில்லை என்று அவர் போட்டியிலிருந்து விலகினார். பெருமைப்பட்டவர்கள் நன்கொடை எவ்வளவு அனுப்பினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. நட்பு முக்கியம்.

என்னுடைய எளிய வழிக்கு வருகிறேன். அதற்கு ஐயோவாவைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2020 பிப்ரவரி 3 இரவு அங்கே ஜனநாயகக் கட்சியின் காக்கஸ், அதாவது கூடி நின்று வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். பனியில் கிளம்பிப் போய், பள்ளிக்கூட ஜிம்மில் வாரன் மூலை, சாண்டர்ஸ் மூலை, பைடன் மூலை என்று பிரிந்து நின்று, அக்கம்பக்கத்தார் பார்க்கத் தலை எண்ணினார்கள். 15 சதவீதம் சேராத மூலை கலைந்தது. கலைந்தவர்களை மற்ற மூலைக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். சோபாவில் பேசுவதை நின்றுகொண்டு பேசினார்கள், ஆனால் பேச்சுக்குக் கணக்கு இருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமை. அன்றைக்கு அந்தக் கணக்கை அனுப்ப ஒரு ஆப் தயார் செய்திருந்தார்கள். அது படுத்துவிட்டது. அன்றிரவு முடிவே வரவில்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் வேட்பாளர்களை மறந்துவிட்டு, டெஸ்டிங் பண்ணாமல் எவன் ரிலீஸ் பண்ணினான் என்று விடிய விடியச் சண்டை. இத்தனை வருஷத்தில் எங்கள் ஆட்கள் பென்சில்வேனியாக்காரரைக் கேட்காமல், சொந்த அறிவை வைத்துப் பேசியது அந்த ஒரு ராத்திரிதான்.

பிப்ரவரி 29-ல் சவுத் கரோலினா பைடனைத் தூக்கிவிட்டது. அடுத்த இரண்டு நாளில் புட்டஜெஜும் ஏமி குளோபுஷாரும் விலகினார்கள். ஏப்ரல் 8-ல் சாண்டர்ஸும் போதும் என்றார். எங்கள் நியூ ஜெர்சி? வழக்கமாகவே ஜூனில்தான். பந்தி முடிந்து இலையை எடுத்துவிட்டு, இடத்தையும் மெழுகிய பிறகு எங்களை "வாங்கோ, உக்காருங்கோ" என்பார்கள். 2008-ல் ஒரே ஒரு தடவை ரோஷம் வந்து பிப்ரவரிக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் செலவு மிச்சம் என்று பழையபடி ஜூன். 2020-ல் கோவிட் வந்து அதையும் ஜூலை 7-க்குத் தள்ளியது.

தபால் ஓட்டு வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உறையைப் பிரித்தேன். பைடன் பெயர் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்ட சாண்டர்ஸ் பெயரும் இருந்தது. அந்தச் சின்ன வட்டத்தைக் கோட்டுக்கு வெளியே மை போகாமல் நிரப்பி, உள் உறையில் போட்டு, அதன் நாக்குப் போன்ற மடிப்பில் கையெழுத்தும் போட்டேன். அந்த மடிப்பைக் கிழித்தால் ஓட்டு செல்லாது என்று என் மனைவி நான் பேனாவைத் தொட்டதிலிருந்து எச்சரித்துக்கொண்டே இருந்தாள். "முடிஞ்சு போனதுக்கு இவ்வளவு யோசனையா?" என்றாள். யோசித்தேன்தான். பென்சில்வேனியாக்காரர் தொல்லை இல்லாமல், யார் ஜெயிப்பார் என்ற கவலையும் இல்லாமல், எனக்கு யாரைப் பிடிக்கும் என்று யோசிக்க நேரம் கிடைத்தது. கிடைத்தும் ஒன்றும் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

கொலுவிலிருந்து திரும்பும்போது காரில் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். நெவாடாக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றேன். அங்கே ஓட்டுச் சீட்டிலேயே 'இவர்களில் எவரும் இல்லை' என்று ஒரு வரி உண்டு. நம் நோட்டாவுக்கு அக்கா முறை, 1970-களிலிருந்தே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் நிக்கி ஹேலி நின்றார். டிரம்ப் அந்தச் சீட்டிலேயே இல்லை, கட்சி தனியாக நடத்திய காக்கஸுக்குப் போய்விட்டார். அப்படியும் ஹேலி தோற்றார். ஜெயித்தது 'எவரும் இல்லை', அதுவும் ஒன்றுக்கு இரண்டு பங்கு ஓட்டில். நாமும் அங்கேயே குடிபோய்விடலாமா என்று கேட்டேன்.

"அங்க வீட்டு வரி எவ்வளவு?"

நாட்டிலேயே அதிக வீட்டு வரி கட்டும் மாநிலத்தில் குடியிருந்துகொண்டு அதை நான் பார்க்காமலா இருப்பேன்? சொன்னேன்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள். "ஓட்டு கீட்டுன்னு எதுக்கு இவ்வளவு தூரம் இழுத்தீங்க?"