எஸ் சேர்த்த கிளாஸ்கள்

சி மொழியில் ஃபங்ஷன்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் சுற்றித் திரிந்த காலத்திலிருந்து ஜாவாவுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: இங்கே எதுவும் ஒரு கிளாஸுக்குள்தான் இருக்கவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டு, கொல்லைப்புறக் கதவாக ஸ்டாடிக்கையும் கொடுத்துவிட்டார்கள். ஆப்ஜெக்ட் எதையும் உருவாக்காமல் கிளாஸின் பெயரைச் சொல்லியே மெத்தடைக் கூப்பிடலாம் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேசைமேல் தடித்த ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டே, கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்டாடிக் ஆக்கி, பழைய சி நிரலையே ஜாவாவில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்டர்ஃபேஸுக்குள் மட்டும் அப்போது ஸ்டாடிக் மெத்தடுக்கு இடமில்லை. அதனால் கலெக்‌ஷனுக்குப் பக்கத்தில் ஓர் எஸ் சேர்த்துக் கலெக்‌ஷன்ஸ், எக்ஸிக்யூட்டருக்கு எக்ஸிக்யூட்டர்ஸ், பாத்துக்கு பாத்ஸ் என்று ஜாவாவே துணைக் கிளாஸ்களோடு குடித்தனம் நடத்தியது. நாங்கள் மட்டும் சளைத்தவர்களா? ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் யூட்டில்ஸ் என்றொரு கோப்பு, வீட்டுப் பரண் மாதிரி. ஸ்ட்ரிங் வெறுமையா என்று பார்க்கும் மெத்தட், தேதியைத் திருப்பிப் போடும் மெத்தட், எப்போதோ வேலையை விட்டுப் போனவர் எழுதி, யாரும் கூப்பிடாமல், நீக்கவும் துணியாமல் கிடக்கும் மெத்தட். எதையோ தேடி உள்ளே போய், அந்தப் பழைய மனிதர் கமென்ட்டில் மேலாளரைத் திட்டியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டு, தேடியதை மறந்து டீ குடிக்கப் போவோமே, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது!

2014-ல் ஜாவா 8 வந்து, இன்டர்ஃபேஸுக்குள்ளேயே ஸ்டாடிக் எழுதலாம் என்றது. மாற்ற முடியாத லிஸ்ட் ஒன்று வேண்டுமென்றால் அரேஸிடம் ஒருமுறை, கலெக்‌ஷன்ஸிடம் ஒருமுறை என்று அலைந்ததெல்லாம் போய், 2017-ல் ஜாவா 9-லிருந்து ‘லிஸ்ட் டாட் ஆஃப்’ என்றால் போதும். மறுவருஷமே ஸ்ட்ரிங்குக்கு இஸ்பிளாங்க் வந்துவிட்டது. பரணிலிருந்து ஒரு சாமான் இறங்கியாயிற்று. வேலை சுத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் எடிட்டரில் ஒரு புள்ளி வைத்ததும் வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கையில், யாருடைய கமென்ட்டைப் படித்துச் சிரிப்பது?

2025-ல் வந்த ஜாவா 25-ல் மெயின் மெத்தடுக்கே ஸ்டாடிக் கட்டாயமில்லை. இருந்தாலும் வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் ‘மெயின் ஏன் ஸ்டாடிக்?’ என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு அவ்வளவு நன்றாகப் பதில் தெரிந்த கேள்வி வேறு இல்லை.