அஞ்சாயிரம் அண்ணன்

திண்டுக்கல்லில் பூட்டு வாங்க வந்தவனைக் கதவையே மாற்ற வைத்து அனுப்பும் ரகம் இவர். ஆனால் இவருக்குக் கடையும் இல்லை, கமிஷனும் இல்லை. காமராஜர் பேருந்து நிலையத்துப் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் இருப்பார். கல்யாண வீடியோ எடுக்கும் பையன்கள் இவரைக் கேட்காமல் லேப்டாப் வாங்குவதில்லை. எதைச் சொன்னாலும் ‘இன்னும் ஒரு அஞ்சாயிரம் போட்டீன்னா...’ என்றுதான் முடிப்பார். பெயரே அதுவாகிவிட்டது.

வேடசந்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், வைகாசி முகூர்த்தங்களில் சேர்த்த 55 ஆயிரத்தோடு வந்தான். ஆடியில் வேலை இல்லை. ஆவணிக்குள் மிஷின் வேண்டும். காலையில் எடுத்ததைச் சாயங்கால ரிசப்ஷனில் மண்டபத்திலேயே ஓட்டிக் காட்டச் சொல்கிறார்களாம், அதனால் லேப்டாப்தான் வேண்டும்.

“8 ஜிபி ராம்னு பேச்சே எடுக்காத. 16 வேணும். இன்னும் ஒரு அஞ்சாயிரம் போட்டீன்னா முடிஞ்சது.”

சரி, 60.

“கிராபிக்ஸ் கார்டு இல்லாம என்னத்த மிக்ஸிங் பண்ணுவ? ஆர்டிஎக்ஸ் 3050ஆவது வேணும்ல?”

65 தாண்டியது. தம்பி டீக்குக் காசு கொடுத்தான். அந்தப் பழக்கம் அண்ணனுக்கு இல்லை.

“அந்த வெலைல வர்ற கேமிங் லேப்டாப்புல ஸ்கிரீன் மட்டம்டா. 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருப்பான், பாரு. அத்தைக்காரி கட்டியிருக்க சின்னாளபட்டிச் சுங்குடி உனக்கு வெளுத்துத் தெரியும். நீ கலரை ஏத்துவ. அவுக வீட்டு டிவில போட்டா அரக்குச் சேலை தீப்பிடிச்சு எரியும். சண்டைக்கு வருவாகளா, மாட்டாகளா?”

வருவார்கள். இந்த மனிதரிடம் உள்ள தொல்லையே இதுதான்: சொல்வது ஒவ்வொன்றும் சரி, மொத்தமாகக் கூட்டினால்தான் ஆள் காலி. 100 எம்பிபிஎஸ்ஸில் ஃபோர்கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 540. ஒரே முகூர்த்தத்துக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி காணாது. இதை அவர் வாய்க்கணக்காகவே சொல்வார். “ஒரு டிபி போட்ரு.” பிறகு, விசிறியே இல்லாமல் ஓடுகிற ஆப்பிள் மேக்புக் ஏர். அதில் ராமைப் பின்னால் ஏற்ற முடியாது என்பதால் இப்போதே ஏற்றி வாங்க வேண்டும். ஆடிப் பதினெட்டு அன்று கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. “இம்புட்டுக் காசுக்கு டெஸ்க்டாப்பே அசெம்பிள் பண்ணிரலாமேடா!” என்றார் அண்ணன். “வைகைல ஏறு, ரிச்சி தெருவுக்குப் போ.”

அண்ணன் வீட்டில் இருப்பது என்னவென்று கேட்கக் கூடாது. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அக்கா மகன் வாங்கியது. மூடியில் முதலமைச்சர் படம் பாதி உரிந்திருக்கும். அதில் அவர் விலை பார்ப்பார். அதற்கு அது தாராளம்.

தம்பி ரிச்சி தெருவுக்கும் போகவில்லை, பெஞ்சுக்கும் திரும்பவில்லை. மதுரையில் ஆபீஸ்காரர்கள் கழித்துவிட்ட லேப்டாப் ஒன்றை வாங்கி, ராமை 16 ஆக்கி, எஸ்எஸ்டியும் மாற்றினான். எல்லாம் சேர்ந்து 42 ஆயிரம். படத்தை நேரே அதில் ஓட்டினால் திக்கும்தான். அதனால் சின்ன அளவில் பிராக்ஸி நகல் எடுத்து, அதை வைத்து வெட்டி ஒட்டுகிறான். கடைசியில் ஏற்றும்போது ஒரிஜினலை அதுவே எடுத்துக்கொள்ளும். நீளமான படத்துக்கு ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.

அண்ணன் கேள்விப்பட்டு வந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செகண்டாடா?” என்றார். அதற்கு மேல் பேச்சே வரவில்லை.

ஆவணியில் ஹார்ட் டிஸ்க்கோடு திரும்ப வந்தார். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து முடிந்திருந்தது.

“மிக்ஸிங்குக்கு எவ்வளவுடா?”

“நாலாயிரம்ண்ணே.”

“ஆயிரத்து ஐநூறுக்கு முடிச்சுக் குடுடா தம்பி. பட்ஜெட் இடிக்குது.”