கடன் நோட்டிஸ் எழுதுவது எப்படி?

முள்ளியவளையில் நுண்கடன் கொம்பனிக்கு நோட்டிஸ் எழுதக் கேட்டிருக்கிறார்களா? பயப்படாதீர்கள். இதோ வழி:

1. படத்தில் ஒரு பெண் சிரிக்க வேண்டும். பக்கத்தில் தையல் மெசின். புருசனைப் போட்டுவிடாதீர்கள், 2009இல் முடிந்த போருக்குப் பிறகு இங்கே எத்தனையோ வீடுகளில் அவர் இல்லை. வாசிக்கிறவள் தன்னையே பார்க்கட்டும்.

2. கணக்கைக் கிழமையில் சொல்லுங்கள். 50,000 ரூபாய் கடன், கிழமைக்கு 1,200, மொத்தம் 50 கிழமை. பெருக்கினால் 60,000 வரும், நீங்கள் பெருக்காதீர்கள். வட்டி 20 வீதம் என்று போடுங்கள். கடன் தொகை கிழமைக்குக் கிழமை குறைகிறது, வட்டி மட்டும் முழு 50,000இற்கும் ஓடுகிறது. சரியாகப் பார்த்தால் வருட வட்டி அந்த 20 வீதத்தைப்போல் ஏறக்குறைய இரட்டிப்பு. அதைப் பார்க்க வங்கியில் வேலை செய்திருக்க வேண்டும். வங்கியில் வேலை என்றால் உங்களிடம் ஏன் வருகிறாள்?

3. "பிணை தேவையில்லை" என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். பொய்யில்லை. குழுவாகக் கடன் எடுத்தவர்களில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவார்கள், அவ்வளவுதான். அயலுக்குள் முகம் முறிவது நோட்டிசில் வராது.

4. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலை விடாதீர்கள். கடல்நீரில் விளக்கெரியும் என்று நம்பி வரும் சனம், உங்கள் கணக்கையும் நம்பும். வரவேற்புப் பதாகை கட்டுங்கள். கொம்பனிப் பெயர் அம்மன் பெயரைவிட இரண்டு விரல் பெரிதாக இருந்தால் போதும், பேராசை வேண்டாம்.

5. சட்டம் வந்தால் கலங்காதீர்கள். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. வட்டிக்கும் 35 வீதம் என்று மேல் வரம்பு வைத்தது. வரம்பா? "அரசாங்கம் அங்கீகரித்த வட்டி" என்று எழுதுங்கள்.

6. அலுவலக விலாசத்தை மூலையில் சின்னதாகப் போடலாம். ஆர் தேடி வரப்போகிறார்கள்? கிழமைக் காசு வாங்குகிற தம்பி மோட்டார் சைக்கிளில் படலைக்கே போவான். கையில் காசில்லை என்று அவள் சொன்னால், உங்கள் அடுத்த நோட்டிசை நீட்டட்டும்: பழைய கடனை அடைக்கப் புதுக் கடன்.