ஆப்பிள் தலைவர்

பாஸ்டனுக்கு மேற்கே, ஆஷ்லண்ட் லட்சுமி கோயிலுக்கு வந்துபோகும் தமிழ்க் குடும்பங்கள் நாலு சேர்ந்தால் அதில் ஒரு ஆப்பிள் தலைவர் இருப்பார். யாரும் ஓட்டுப் போட்டதில்லை. ஆகஸ்ட் கடைசியில், வெயில் இன்னும் பிடரியைச் சுடும்போதே, வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்: "இந்த வருஷம் எந்தத் தோட்டம்?" அடுத்த நிமிஷம் பதிலையும் அவரே போட்டுவிடுவார். ஸ்டோவ். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. புளியோதரை ஒரு வீடு, தயிர்சாதம் ஒரு வீடு, உருளைக்கிழங்கு வறுவல் இன்னொரு வீடு.

ஒன்பது மணி என்றால் சனம் பத்தே முக்காலுக்கு வந்து சேரும். தலைவர் மட்டும் எட்டே முக்காலிலிருந்து தோட்டத்து வாசலில் நிற்பார், கட்டம் போட்ட ஃபிளானல் சட்டையில். அந்தச் சட்டை அலமாரியை விட்டு வெளியே வருவது இந்த ஒரு நாளைக்குத்தான்.

ஊரில் அவர் அப்பாவுக்கு நாலு ஏக்கர் இருந்தது. அறுவடை நாளில் இவருக்குத் தவறாமல் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். இங்கே காசு கொடுத்து உள்ளே போய்ப் பிள்ளைகளுக்கு விவசாயம் சொல்லித் தருகிறார்: "இழுக்காதே கண்ணா. மேலே தூக்கி லேசாத் திருகணும். இழுத்தா அடுத்த வருஷத்து மொட்டும் சேர்ந்து வந்துடும்." சொல்வது சரிதான், மனிதர் விஷயம் தெரிந்தவர். மெக்கின்டாஷ் 1811 வாக்கில் கனடாவில் ஒரு விவசாயி கண்டெடுத்த கன்று, ஹனிகிரிஸ்ப் 1991இல் மின்னசோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்டது, கார்ட்லண்டை நறுக்கி வைத்தால் சட்டென்று கறுக்காது என்று மரத்துக்கு மரம் ஜாதகம் சொல்லுவார். பிள்ளைகள் அதற்குள் டிராக்டர் வண்டியில் வைக்கோல் கட்டுமேல் ஏறிப் போயிருக்கும்.

அவர் மேதைமையைப் பார்க்க வேண்டுமானால் பை நிரப்பும்போது பார்க்க வேண்டும். அரை புஷல் பையில் கிட்டத்தட்ட 9 கிலோ பிடிக்கும் என்பது தோட்டக்காரர் கணக்கு. தலைவர் கணக்கு வேறு. பெரிய பழம் அடியில், சின்னது இடுக்கில், விளிம்புக்கு மேலே கோபுரம். கோபுரத்து உச்சியில் கலசமாக ஒரு ஹனிகிரிஸ்ப். மரத்தடியில் தின்பது எந்தக் கணக்கிலும் வராது என்பது அவர் கட்சி. "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, பையில இடமில்ல!"

"ஏங்க, அந்தப் பையன் இங்கயே பாக்கறான்."

"பாக்கட்டும். பைக்குத்தானே காசு வாங்கினான்? வயித்துக்கா?"

தோட்டத்தில் சைடர் டோனட் வாங்க நிற்கும் வரிசையைப் பற்றி எழுதப் போவதில்லை. அதில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அவஸ்தை வீட்டில்தான் ஆரம்பிக்கிறது. திங்கட்கிழமை ஆப்பிள் பச்சடி. செவ்வாய் அல்வா. மெக்கின்டாஷ் வாணலியில் விழுந்ததும் குழைந்துவிடுகிற ஜாதி. நல்லெண்ணெயும் வெந்தயப்பொடியும் பெருங்காயமும் சேர்ந்தால் தொக்கு மட்டும் உருப்படியாக வரும். அந்தப் பாராட்டில் மயங்கி வியாழக்கிழமை ரசத்திலும் போட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுப் பெண் சொல்லுவாள்: "அம்மா, ப்ளீஸ். சிப்ஸ் வை." ஆபீஸ் பேன்ட்ரியில் வைத்துவிடலாம் என்று கொண்டுபோனால் அங்கே ஏற்கெனவே மூன்று கூடை, எல்லாவற்றிலும் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சும் சீட்டு.

நல்லவேளையாக நவராத்திரி வந்துவிடும். கொலு பார்க்க வந்த மாமிகளின் தாம்பூலப் பையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு இரண்டிரண்டு ஆப்பிளைச் செருகி, ஒருவழியாகக் குளிர்சாதனப் பெட்டியைக் காலிசெய்து விடுவாள் தலைவரின் மனைவி. மறுநாள் அவளும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஐந்து வீட்டுக் கொலுவுக்குப் போய்வருவாள். ஐந்து தாம்பூலப் பைகளையும் மேஜையில் கவிழ்த்தால் பத்து ஆப்பிள் உருளும்.

தலைவர் அதில் ஒன்றை எடுத்து, வேட்டியில் துடைத்து, ஒரு கடி கடித்துக் கண்ணை மூடுவார்.

"மெக்கவுன். யார் வீடு இது? பை என்ன விலைன்னு கேட்டியா?"